வியாழக்கிழமை நீல மாத்திரை... உங்கள் பிள்ளை விழுங்குகிறதா?

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வருகிறது. ஃபீஸ் கட்டச் சொல்லும் சீட்டு என்றால் அன்றைக்கே அப்பா கைக்குப் போய்விடும். பரீட்சை டைம்டேபிள் என்றால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவீர்கள். ‘வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படும். மாணவர்கள் அன்று தவறாமல் சாப்பிட்டு வரவும்’ என்று ஒரு வரி வந்தால் மட்டும்? சீட்டு பையிலேயே கசங்கிக் கிடக்கும். இப்போது சீட்டுக்குப் பதில் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதிலும் நாற்பது ‘குட்மார்னிங்’ படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள் இந்த மாத்திரை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் வியாழக்கிழமை. நீல நிறத்தில் இருக்கும். உள்ளே 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. திட்டம் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் பள்ளி ஜன்னலுக்கு வெளியே போய் எட்டிப் பாருங்கள்... சில இடங்களில் செடிக்குக் கீழே நீலம் நீலமாகக் கிடக்கும்!

“எம் பொண்ணு நல்லாத்தானே இருக்கா, அவளுக்கு எதுக்கு மாத்திரை?” என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 100-க்கு 31 பேர். இவர்கள் எல்லாரும் சோறில்லாத வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பத்து வயதுக்கு மேல் உடம்பு கிடுகிடுவென வளர்கிறது. சதை கூடக்கூட அதற்கேற்ப ரத்தமும் பெருக வேண்டும். பெண்ணுக்கு மாதவிலக்கில் மாதாமாதம் ரத்தம் போகிறது. பையன் ஒரே வருடத்தில் பேன்ட் கட்டையாகும் அளவுக்கு உயருகிறான். வரவு அதேதான், செலவு மட்டும் இரண்டு மடங்கு. குடும்ப பட்ஜெட் போடும் உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ரத்தசோகை காய்ச்சல் மாதிரி வந்து படுக்கவைக்காது. அதுதான் தொந்தரவே. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சாயங்காலம் வந்ததும் யூனிஃபார்மோடு சோபாவில் விழும். மூன்றாவது பீரியடில் தூக்கம் சொக்கும். படித்தது மனதில் நிற்காது. நாம் என்ன சொல்கிறோம்? “சோம்பேறி... எப்பப் பாரு போன்!” என்று ஒரு பாட்டு. போனும் காரணமாக இருக்கலாம். ஆனால் திட்டுவதற்கு முன்னால் கண்ணின் கீழ் இமையை இழுத்து, உள்பக்கம் வெளிறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல்பம், பச்சரிசி, சாம்பல், சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு என்று எதையாவது ரகசியமாகத் தின்கிற பெண் என்றால் தள்ளிப் போடாமல் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறையக் கூடாது. பதினைந்து தாண்டிய பையனுக்கு 13. குறைந்திருந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாது. அது வராமல் தடுக்கத்தான். வந்துவிட்டால் டாக்டர் தினமும் சாப்பிடச் சொல்லி, சில மாதம் தொடரச் சொல்வார்.

வயிற்றைப் பிரட்டுகிறதே!

பிள்ளைகள் மாத்திரையைத் தூக்கிப் போடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். “போட்டதும் குமட்டுதும்மா” என்கிறது பிள்ளை. “அப்படின்னா வேணாம், விட்டுடு” என்கிறோம் நாம். காலையில் என்ன சாப்பிட்டது என்று யாரும் கேட்பதில்லை. எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், அரை டம்ளர் காபியோடு ஓட்டம். மதியச் சாப்பாட்டிலும் பாதி டப்பாவோடு திரும்பி வருகிறது. வெறும் வயிற்றில் இரும்புச்சத்து விழுந்தால் யாருக்கும் குமட்டத்தான் செய்யும். இன்னொரு விஷயம். வியாழக்கிழமை ராகவேந்திரர் விரதம், சாய்பாபா விரதம் என்று அம்மாவோடு சேர்ந்து பெண்ணும் பட்டினி இருக்கிற வீடுகள் நிறைய. பக்தியில் குறை சொல்லவில்லை. அன்றைக்குப் பெண்ணுக்கு மட்டும் சலுகை கொடுங்கள். அல்லது மாத்திரையை அடுத்த நாள் தரும்படி டீச்சரிடம் சொல்லுங்கள்.

அடுத்த நாள் மலம் கறுப்பாகப் போகும். இதைப் பார்த்துப் பயந்து டாக்டரிடம் ஓடிய குடும்பங்கள் உண்டு. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கும் இரும்பு அப்படித்தான் வெளியேறும். பயப்பட ஒன்றுமில்லை. முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிட்டால் அதுவும் மிரளாது.

அன்றைய டிபன் பாக்ஸில் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். புளிப்பான பழத்தில் இருக்கும் வைட்டமின் ‘சி’, இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். காபி, டீ அதைத் தடுக்கும். பாலும் தயிரும் ஓரளவு தடுக்கும். அதனால் வியாழக்கிழமை மட்டும் தயிர் சாதத்துக்குப் பதில் எலுமிச்சம்பழ சாதம், கூடவே நாலு துண்டு கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ வைத்து அனுப்புங்கள். தயிர் சாதம் தவிர வேறெதையும் தொடாத பிள்ளையா? பரவாயில்லை. பட்டினியாக மாத்திரை போடுவதைவிட அது எவ்வளவோ மேல். பள்ளி விட்டு வந்ததும் நீட்டுகிற டீயை மட்டும் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

“பீட்ரூட்டும் மாதுளையும் கொடுக்கிறேன், ரத்தம் ஊறாதா?” சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடும் என்பது கலரைப் பார்த்துப் போட்ட கணக்கு! இரண்டிலுமே இரும்பு குறைச்சல்தான். முருங்கைக்கீரை, கம்பு, கொண்டைக்கடலை, எள் எல்லாம் தேவலை. அசைவ வீடு என்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் இவற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கறியில் இருக்கும் இரும்பைக் கீரை இரும்பைவிட உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் பாட்டி வைத்தியம் ஜெயித்துவிட்டது.

ஒன்றுக்கு மேல் கூடவே கூடாது

2023 மார்ச்சில் ஊட்டியில் நடந்தது ஞாபகமிருக்கிறதா? ஒரு பள்ளியில் மாணவிகள் சிலர், யார் அதிகம் சாப்பிடுவது என்று போட்டி போட்டு இந்த மாத்திரைகளை விழுங்கிவிட்டார்கள். அதில் ஒரு சிறுமி உயிரிழந்தாள். வாரம் ஒன்று என்றால் மருந்து, கை நிறைய என்றால் விஷம். இதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள். “டீச்சர் முன்னாடி ஒண்ணு போட்டுக்கோ. யாரும் மிச்சத்தைக் கொடுத்தா வாங்காதே” என்று சொன்னால் புரிந்துகொள்ளும் வயதுதான்.

பள்ளியைவிட வீட்டில் ஆபத்து அதிகம் என்பேன். லீவுக்காகக் கொடுத்தனுப்பிய மாத்திரை, அக்கா கர்ப்பமாக இருந்தபோது வாங்கி மீந்துபோன சிவப்பு மாத்திரை என்று டிவி ஸ்டாண்டின் மேல் கிடக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது மிட்டாய்! எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். தவறி நிறைய விழுங்கிவிட்டால் முதலில் வாந்தி, வயிற்றுவலி வரும். பிறகு சில மணி நேரம் குழந்தை தெளிந்த மாதிரி விளையாடும். “சரியாயிடுச்சு” என்று நிம்மதியாகத் தூங்கப்போவது அந்த நேரத்தில்தான். உள்ளே கல்லீரல் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். தெளிந்தாலும் தெளியாவிட்டாலும் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வண்டி இல்லையா, 108. முறிவு மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு போக வேண்டும்.

தலசீமியா உள்ள பிள்ளை, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரை தரக் கூடாது. கிளாஸ் டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதி, ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். டீச்சருக்கு ஐம்பது பிள்ளைகள். உங்கள் வீட்டு விவரம் அவருக்கு எப்படித் தெரியும்?

பிள்ளை மெட்ரிக், சி.பி.எஸ்.இ. போன்ற தனியார் பள்ளியில் படிக்கிறதா? இந்த வாராந்திர மாத்திரை அங்கே பொதுவாக வருவதில்லை. ரத்தசோகை மட்டும் அங்கேயும் வரும்! வருடத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். மருந்துக் கடையில் நீங்களாக டானிக் வாங்கி ஊற்றாதீர்கள்.

ஆனால் தனியார் பள்ளிக்கும் சேர்த்தே வருகிற ஒரு நாள் உண்டு. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 இரண்டும் குடற்புழு நீக்க நாள்கள். 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கொடுப்பார்கள். மென்று விழுங்க வேண்டும். செருப்பில்லாமல் மண்ணில் நடக்கும்போது கால் வழியாகவே நுழைகிற கொக்கிப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். அதை வைத்துக்கொண்டு இரும்பு மாத்திரை போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தால் கவலை வேண்டாம். விடுபட்டவர்களுக்காகச் சில நாள் கழித்து இன்னொரு நாள் வைப்பார்கள். அது என்றைக்கு என்று கிளாஸ் டீச்சரிடம் கேட்டு, காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.