மேற்கோள் குறியும் குற்றம்தான்

கிழக்கு உக்ரைனில் பிரிவினைவாதிகள் 2014இல் அறிவித்த ‘தோனெத்ஸ்க் மக்கள் குடியரசு’ என்ற பெயரை உக்ரைனியப் பத்திரிகையாளர் ஸ்தனிஸ்லாவ் அசேயெவ் மேற்கோள் குறிக்குள்தான் எழுதுவார். அப்படியொரு நாடே கிடையாது என்பது அவர் கட்சி. அவரைப் பிடித்து வழக்குப் போட்டவர்கள் அந்தக் குறிகளையே தீவிரவாதத்துக்குச் சாட்சியாக்கினார்கள். உளவுக் குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்ள, 2019 அக்டோபரில் 15 ஆண்டு சிறை என்று தீர்ப்பானது.

1989இல் பிறந்த அசேயெவ், தோனெத்ஸ்கை ஒட்டிய மகீவ்கா என்ற சுரங்க நகரத்துக்காரர். தத்துவம் படித்தவர். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் சுமை தூக்கினார், சவக்குழியும் வெட்டினார். பிரான்ஸின் அந்நியர் படையில் சேரப் பாரிஸ் வரை போய்த் திரும்பிய கதையும் உண்டு. போர் வந்தபோது பத்திரிகையாளர்கள் பலர் ஊரைவிட்டுக் கிளம்ப, இவர் அங்கேயே இருந்து, ஸ்தனிஸ்லாவ் வாசின் என்ற புனைபெயரில் ‘ரேடியோ லிபர்ட்டி’ உள்ளிட்ட ஊடகங்களுக்கு எழுதினார்.

இவர் எழுத்தின் பலம் போர்முனைச் செய்தியில் இல்லை. கூடப் படித்தவனும் பக்கத்து வீட்டுக்காரனும் ஏன் துப்பாக்கி தூக்கினார்கள், ஓய்வூதியத்துக்கு வரிசையில் நிற்கும் மூதாட்டி ஏன் ரஷ்யத் தொலைக்காட்சியை நம்புகிறார் என்பதையெல்லாம் ஏளனம் இல்லாமல் எழுதினார். எதிரியைத் திட்டுவது எளிது; புரிந்துகொள்ளத்தான் பொறுமை வேண்டும்.

2017 மே மாதம் பிடிபட்டார். மொத்தம் 962 நாள் சிறை. அதில் பெரும்பகுதி ‘இஸொல்யாத்ஸியா’வில் கழிந்தது. வெப்பக்காப்புப் பொருள் தயாரித்த பழைய ஆலை அது. 2010இல் கலை மையமாக மாறியிருந்தது. தோனெத்ஸ்க் பெண்களின் உழைப்புக்கு மரியாதையாக அதன் புகைபோக்கி உச்சியில் ராட்சத லிப்ஸ்டிக் ஒன்றை நிறுவியிருந்தார் ஒரு கலைஞர். 2014இல் ஆயுதக் குழுவினர் ஆலையைப் பிடித்துச் சிறையாக்கினார்கள். பிறகு அந்த லிப்ஸ்டிக்கை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

உள்ளே நடந்தது வேறு. அறைக்கதவு திறந்தால் கைதிகள் தலையில் பையை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பகலில் படுக்கக் கூடாது. இரவில் விளக்கு அணையாது. விசாரணை என்றால் மின்சாரம் பாய்ச்சுவார்கள். 2019 டிசம்பர் 29 அன்று நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானவர், இதையெல்லாம் ‘ஒளிமயமான பாதை’ என்ற நூலாக எழுதினார். அந்தச் சிறை இருக்கும் தெருவின் பெயர்தான் அது! நூலில் ஒப்பாரி இல்லை. தற்கொலை எண்ணத்தைக்கூட ஒரு தத்துவ மாணவனாகவே அலசுகிறார்.

சிறையை நடத்தியவர்களில் ஒருவர் ‘பாலிச்’ என்ற தெனிஸ் குலிகோவ்ஸ்கி. அவர் கீவ் நகரிலேயே வசிப்பதைக் கண்டறிவதில் அசேயெவுக்கும் பங்கு உண்டு. 2021 நவம்பரில் குலிகோவ்ஸ்கி கைதானார். 2024 ஜனவரியில் 15 ஆண்டு தண்டனை பெற்றார். போர்க்குற்றவாளிகளைத் தேடுவதற்கென்றே அசேயெவ் ஒரு நிதியமும் தொடங்கினார். ரஷ்யாவின் முழுப் படையெடுப்புக்குப் பிறகு ராணுவத்திலும் சேர்ந்து போரில் காயமடைந்தார்.

பிடிபடுவதற்கு முன் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பான ‘தனிமைப்படுத்தலில்’ நூலுக்கு 2021இல் உக்ரைனின் ஷெவ்சென்கோ தேசியப் பரிசு கிடைத்தது. இரண்டு நூல்களும் ஆங்கிலத்தில் வந்துள்ளன. சிறைக் கதைக்குத்தான் பேர் அதிகம். ஆனால் கட்டுரைத் தொகுப்பை முதலில் படியுங்கள். சாதாரண ஊர் ஒன்று எப்படித் தடம் மாறியது என்பது அதில்தான் இருக்கிறது.