ஒரே டெலி ஜூம், ரெண்டு வேலை: போர்ட்ரெய்ட்டும் ரேஸும்

இந்த எபிசோடுக்கு எடுத்துக்கிட்ட கேள்வி, நேயர் ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பினது. அவர் கல்யாண ஃபோட்டோகிராஃபர். முகூர்த்த நாள்ல மண்டபம், மத்த நாள்ல அவுட்டோர் போர்ட்ரெய்ட், ரேஸ் நடக்கிற வார இறுதியில இருங்காட்டுக்கோட்டை. "ஒரு டெலி ஜூம்தான் வாங்க முடியும், அதுவும் இஎம்ஐ-ல. 70-200 எஃப் 2.8-ஆ, எஃப் 4-ஆ, இல்ல 100-400-ஆ?"ன்னு கேட்டிருந்தார்.

மாசாமாசம் தவணை கட்டப்போற பொருள். அதனால பிராண்டுல ஆரம்பிக்காம, தூரத்துல ஆரம்பிப்போம்.

எத்தனை மி.மீ. வேணும்?

ஒரு சின்னக் கணக்கு இருக்கு. நீங்க நிக்கப்போற இடத்துக்கும் ட்ராக்குக்கும் எத்தனை மீட்டர்னு பாருங்க. கூகுள் மேப்ஸ்ல தூரம் அளக்கிற வசதி இருக்கு, வீட்ல உக்காந்தே பார்த்துடலாம். அந்த மீட்டரை 36-ஆல பெருக்குங்க. படத்தோட அகலத்துக்குள்ள எத்தனை மீட்டர் அடங்கணுமோ, அதால வகுங்க. வர்றதுதான் தேவையான மி.மீ. 36 என்பது ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம். க்ராப் சென்சார்னா 24 போட்டுக்கலாம்.

கார் ரேஸ்னு வைங்க. முன்னாடி பின்னாடி கொஞ்சம் இடம் விட்டா 6 மீட்டர் அகலம் வேணும். 50 மீட்டர் தூரத்துல இருந்தா 300 மி.மீ. தேவை. 200 மி.மீ.க்கு 33 மீட்டர் வரைக்கும் கிட்டப் போகணும். பைக் இன்னும் சின்னது, 3 மீட்டர் அகலம் போதும். அதே 50 மீட்டர்ல இருந்து பைக்குக்கு 600 மி.மீ. வருது. க்ராப் கேமராவா இருந்தா 400. அதாவது, "ரேஸுக்கு எந்த லென்ஸ்?"ங்கிற கேள்வி பாதிதான். காரா பைக்கா, வேலிக்கு எந்தப் பக்கம் நிக்கப்போறீங்க, இது மீதிப் பாதி.

ரேஸுக்கு எஃப் 2.8 அவசியமா?

வேகமா ஓடுற வண்டி, அதனால ஷட்டர் ஸ்பீடு எகிறணும், அதனால பெரிய அப்பர்ச்சர் வேணும்னு பலர் நினைக்கிறாங்க. பகல் ரேஸ்ல நிலைமை பெரும்பாலும் தலைகீழ். 1/2000 விநாடியில எடுத்தா சக்கரம் சுத்தாம நிக்கும். ட்ராக்ல பார்க்கிங் பண்ணின கார் மாதிரி இருக்கும். வேகம் தெரியணும்னா 1/125 பக்கம் இறங்கி, வண்டியோட சேர்ந்து கேமராவைத் திருப்பணும். இதுதான் பேனிங். நம்ம ஊர் உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 100, 1/125 வச்சா எஃப் 14 பக்கம் போயிடும். நீங்க காசு கொடுத்து வாங்கின எஃப் 2.8 அங்க சும்மா கிடக்கும்.

அங்க உதவுறது வேற. ஆட்டோஃபோகஸ் வேகம் முதல்ல. அடுத்தது ஸ்டெபிலைசர்ல பேனிங் மோடு. கேனான், சோனியில இது பெரும்பாலும் "மோடு 2"ன்னு இருக்கும். மூணாவது எடை, ஏன்னா நாள் முழுக்கக் கையில தூக்கிட்டு நிக்கணும். கேனானின் பழைய இஎஃப் 70-200 எஃப் 2.8 மூணாம் பதிப்பு 1480 கிராம். ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 1070 கிராம், எஃப் 4 695 கிராம்.

ரெண்டு இடத்துல மட்டும் எஃப் 2.8 தன் காசை மீட்டுக் கொடுக்கும். ஒண்ணு, 2024-ல சென்னைத் தீவுத்திடல் பக்கம் நடந்த மாதிரி விளக்கு வெளிச்சத்துல ஓடுற இரவு ரேஸ். இன்னொண்ணு, கம்பி வேலி. லென்ஸை வேலிக்கு ஒட்டி வச்சு அப்பர்ச்சரைத் திறந்தா கம்பி கரைஞ்சு போயிடும்.

போர்ட்ரெய்ட்டுக்கு?

இங்கயும் ஒரு கணக்கு. மி.மீ.ஐ எஃப் எண்ணால வகுத்தா லென்ஸோட கண் எவ்வளவு பெருசுன்னு தெரியும். ஆள் அதே அளவுல படத்துல இருந்தா, ரொம்பத் தள்ளி இருக்கிற பின்னணி எவ்வளவு கரையும்ங்கிறதை முடிவு பண்றது அந்த அளவுதான். 85 எஃப் 1.8-க்கு 47 மி.மீ. 200 எஃப் 4-க்கு 50. 200 எஃப் 2.8-க்கு 71. 300 எஃப் 5.6-க்கு 54. பாருங்க, எஃப் 4 ஜூமை 200-க்கு இழுத்தாலே 85 எஃப் 1.8 தர்ற அளவுக்குப் பின்னணி கரையும்.

ஆனா இடம் வேணும். செங்குத்தா பிடிச்ச படத்துல இடுப்பு வரைக்கும் எடுக்க 200-ல சுமார் 5 மீட்டர் தள்ளி நிக்கணும், முழு உருவத்துக்கு 11 மீட்டர். பார்க்ல, பீச்ல சரி. மண்டபத்துல பின்னாடி போனா பந்தியில போய் முட்டுவோம்.

அப்போ எதை வாங்குறது?

நேயருக்கு என் பதில்: தவணையைக் கட்டப்போற வேலை எதுவோ, லென்ஸ் அதுக்குத்தான். அவருக்கு அது கல்யாணம். மண்டப வெளிச்சத்துல எஃப் 2.8 தினமும் உழைக்கும். அதனால 70-200 எஃப் 2.8, புதுசு கட்டுப்படியாகலைன்னா நல்ல செகண்ட் ஹேண்ட். ரேஸுக்கு 1.4 டெலிகன்வெர்ட்டர் போட்டா அது 280 எஃப் 4 ஆகும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி பொருந்துமான்னு பாருங்க. 2019-ல வந்த கேனான் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8-ல டெலிகன்வெர்ட்டர் மாட்ட முடியாது. சோனி மவுண்ட்ல டாம்ரான் 70-180-லயும் முடியாது.

உங்க போர்ட்ரெய்ட் எல்லாம் வெளிச்சத்துல, வெளியிலதான்னா எஃப் 4 போதும். தோளும் பர்ஸும் தப்பிக்கும். பைக் ரேஸ்தான் உயிர், போர்ட்ரெய்ட் எப்பவாவதுன்னா 100-400 எடுங்க, கூட ஒரு 85 எஃப் 1.8 வச்சுக்கங்க.

எதுவானாலும், பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்க. காலையில ட்ராக், சாயங்காலம் வீட்ல யாரையாவது நிக்க வச்சு நாலு போர்ட்ரெய்ட். ராத்திரி கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு படமும் எத்தனை மி.மீ.ல எடுத்ததுன்னு பாருங்க. ரேஸ் படம் எல்லாம் 200-லயே முட்டி நின்னிருந்தா, உங்களுக்கு வேண்டியது இன்னும் நீளம். 100-க்கும் 200-க்கும் நடுவுல பரவி இருந்தா, அந்த லென்ஸ் உங்களுக்குப் போதும்.