சம்பளம் வாங்கியதால் பறிபோன 'அமெச்சூர்' தகுதி

கோல்ப் விளையாட்டில் 'அமெச்சூர்' என்றால் கற்றுக்குட்டி என்று பொருளல்ல. விளையாட்டைக் கொண்டு பணம் சம்பாதிக்காதவர் என்பதே பொருள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் இந்த விதி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை அறிய, ஜோய்ஸ் வெதரெட் என்ற பெண்ணின் கதை ஒன்றே போதும்.

1901 இல் பிறந்த ஜோய்ஸ், அண்ணன் ரொஜருடன் விளையாடியே இந்த ஆட்டத்தில் தேர்ந்தவர். 1920 இல் நோர்போக் மாவட்டத்தின் ஷெரிங்கம் மைதானத்தில் நடந்த இங்கிலாந்து மகளிர் சம்பியன்ஷிப்பில் பங்குபற்றியபோது அவருக்கு வயது 18. இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் அன்றைய முன்னணி வீராங்கனை செசில் லீச். இந்த வகை ஆட்டத்தில் ஒவ்வொரு குழியும் தனி வெற்றி. 36 குழிகள் கொண்ட அந்த ஆட்டத்தில் 20 குழிகள் முடிந்தபோது ஜோய்ஸ் 6 குழிகள் பின்தங்கியிருந்தார். அங்கிருந்து மீண்டுவந்து வென்றார். கடைசிப் பந்தை அடிக்கும்போது பக்கத்தில் ஒரு புகையிரதம் இரைந்துகொண்டு போனதாம். அது போகும்வரை ஏன் பொறுக்கவில்லை என்று கேட்டவர்களிடம், "எந்தப் புகையிரதம்?" என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள்.

அந்தப் பட்டத்தைத் தொடர்ந்து 5 ஆண்டுகள் அவரே வென்றார். அந்தத் தொடரில் 33 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பிரித்தானிய மகளிர் பட்டத்தையும் 1922, 1924, 1925 ஆம் ஆண்டுகளில் வென்று, பெரும் போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். 1929 இல் போட்டி ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் மைதானத்தில் நடந்ததால் திரும்பி வந்து, அமெரிக்காவின் கிளென்னா கொலெட்டை வீழ்த்தி நான்காவது முறையும் வென்றார். பொபி ஜோன்ஸ் போன்ற ஆண் சம்பியனே, தான் பார்த்தவர்களில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் இவர்தான் என்று எழுதினார்.

இத்தனை பெருமையும் வருமானம் தரவில்லை. 1930களில் லண்டனிலுள்ள போர்ட்னம் அன்ட் மேசன் கடையின் கோல்ப் பிரிவில் ஜோய்ஸ் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பரிசுப் பணத்துக்காக ஆடவில்லை. ஆனாலும் கோல்ப் அறிவைக் கொண்டு சம்பளம் பெற்றதே குற்றமாயிற்று. அமெச்சூர் தகுதி பறிபோனது. சொத்துள்ளவர் எவ்வளவு காலமும் அமெச்சூராக இருக்கலாம். உழைத்து வாழ வேண்டியவருக்கு அது இயலாது. அன்றைய விதியின் உண்மை முகம் இதுதான்.

ஜோய்ஸ் முடங்கிவிடவில்லை. 1935 இல் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகக் காட்சியாட்டங்கள் ஆடிச் சம்பாதித்தார். 1937 இல் திருமணமாகி டெவன் பகுதியில் குடியேறி, கணவருடன் சேர்ந்து நைட்ஷேஸ் மாளிகைத் தோட்டத்தைப் பேர்பெறச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெச்சூர் தகுதி அவருக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. அதற்குள் அவருடைய சிறந்த ஆண்டுகள் கடந்திருந்தன. 1997 இல், 96 ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் காலமானார்.

'அமெச்சூர்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் மூலப்பொருள் 'நேசிப்பவர்' என்பதாகும். அந்தப் பொருளில் பார்த்தால், கடையில் சம்பளம் வாங்கிய நாட்களிலும் ஜோய்ஸ் அமெச்சூர்தான்.