இன்டர்வியூவில் "உங்க வீக்னஸ் என்ன?" – பிஎஃப் பாஸ்புக்குக்கும் பதில் தெரியும்!

"நான் கொஞ்சம் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார், அதுதான் என் வீக்னஸ்."

அக்கவுன்ட்ஸ் வேலைக்கு ஆள் எடுக்க உட்காரும்போது இந்தப் பதிலை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. கணக்கு பார்க்கிறதுதான் என் தொழில், ஆனா இதுல விட்டுட்டேன்! எதிர்ல இருக்கிறவருக்கு உங்க குறை மட்டும் முக்கியமில்லை. அது உங்களுக்கே தெரியுமா, தெரிஞ்ச பிறகு என்ன செஞ்சீங்க, அதைத்தான் பார்ப்பார்.

என் கதையையே சொல்றேன். சிஏ ஃபைனல்ல ஒரு குரூப் பாஸாக ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேணும். எனக்கு எல்லாப் பேப்பரிலும் 40 தாண்டிடுச்சு, மொத்தம் 50 வரலை. முதல் இன்டர்வியூவில் இதைக் கேட்டப்போ "வீட்டுச் சூழ்நிலை சார்"னு சமாளிச்சேன். "என்ன சூழ்நிலை?"ன்னு அடுத்த கேள்வி வந்தது. என்கிட்ட பதில் இல்லை, வேலையும் கிடைக்கலை.

அடுத்த இடத்துல உள்ளதைச் சொன்னேன். "படிச்சேன் சார், ஆனா நேரம் வெச்சு எழுதிப் பழகலை. கடைசிக் கேள்விகளைத் தொடவே முடியலை. ரெண்டாவது தடவை வாரம் ஒரு மாதிரித் தேர்வு, முழுசா மூணு மணி நேரம் எழுதினேன்." அவர் தலையாட்டிட்டு ஆடிட் அனுபவம் பத்திக் கேட்க ஆரம்பிச்சுட்டார்.

குணத்துல இருக்கிற குறையை மழுப்பினா இன்டர்வியூவோட போச்சு. வேலை விவரத்தை மறைச்சா கதையே வேற. நாலு மாசத்துல விட்ட ஒரு வேலையை ரெஸ்யூமேல இருந்து தூக்கிடறீங்கன்னு வெச்சுப்போம். உங்க யுஏஎன் நம்பர் ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு கம்பெனிக்கும் அதுக்குக் கீழ தனி மெம்பர் ஐடி, சேர்ந்த தேதி, விலகின தேதி இருக்கும். டிடிஎஸ் பிடிச்சிருந்தா 26ஏஎஸ்-லயும் கம்பெனி பேர் நிக்கும். வெரிஃபிகேஷன்ல பிஎஃப் விவரத்தைக் கேட்கிற கம்பெனிகள் நிறைய. அது பெரும்பாலும் ஆஃபர் லெட்டர் வந்த பிறகுதான் நடக்கும். அதுக்குள்ள பழைய வேலைக்கு ராஜினாமா கொடுத்திருப்பீங்க, இஎம்ஐ தேதியும் நெருங்கிட்டிருக்கும்! ஆஃபரை ரத்து பண்ணிட்டா ரெண்டு பக்கமும் வேலை இல்லை.

அதையே முன்னாடியே ரெண்டு வரியில சொல்லிடலாம்: "நடுவுல நாலு மாசம் ஒரு இடத்துல இருந்தேன். டார்கெட் வேலைன்னு சரியா விசாரிக்காம சேர்ந்துட்டேன். இப்போ சேர்றதுக்கு முன்னாடி தினசரி வேலை என்னன்னு கேட்டுக்கறேன்." பழைய மேனேஜரைத் திட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

அதுக்காக எல்லாத்தையும் கொட்டணும்னு இல்லை. வீட்டுக் கடன், குடும்பப் பிரச்சினை எல்லாம் அவங்களுக்குத் தேவையில்லாதது. ஜிஎஸ்டி வேலைக்குப் போய் "ரிட்டர்ன் தேதி மறந்துடுவேன்"னு சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்க. அது உண்மைன்னா முதல்ல ரிமைண்டர் வெச்சுப் பழகுங்க, அப்புறம் அப்ளை பண்ணலாம். "எக்செல்ல பிவட் டேபிள் இப்போதான் கத்துக்கறேன்" மாதிரி உண்மையான, சரிபண்ணக்கூடிய குறையைச் சொல்லுங்க.

இன்டர்வியூவுக்கு முன்னாடி இபிஎஃப்ஓ தளத்துல உங்க சர்வீஸ் ஹிஸ்டரியை ஒரு தடவை பாருங்க. பழைய கம்பெனி விலகின தேதியைப் போடாம விட்டிருந்தா, ஒரே நேரத்துல ரெண்டு வேலை பார்த்த மாதிரி தெரியும். கடைசி பிஎஃப் பணம் கட்டி ரெண்டு மாசம் ஆகியிருந்தா, மெம்பர் போர்ட்டல்ல 'மார்க் எக்ஸிட்' போய் நீங்களே தேதியைப் போட்டுடலாம்.