இணையத்தில் எழுதும் கேரள ஆசிரியர்கள். காணொலி அனுப்பும் தில்லி

புதுதில்லி: நாட்டில் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை 2024-25-ஆம் கல்வியாண்டில் முதன்முறையாக ஒரு கோடியைக் கடந்தது. அதே ஆண்டுக்கான மத்திய கல்வி அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 63.5 சதவீதப் பள்ளிகளுக்கு இணைய வசதி கிடைத்துள்ளது. எஞ்சிய பள்ளிகளைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால், இணையம் வந்துவிட்ட பள்ளியில் ஆசிரியர் அதைக் கொண்டு என்ன செய்கிறார் என்ற கேள்வி தில்லியில் அதிகம் எழுவதில்லை.

மத்திய அரசு 2017 செப்டம்பர் 5-இல் 'தீக்ஷா' தளத்தைத் தொடங்கியது. சுமார் 42 லட்சம் ஆசிரியர்களையும் தலைமை ஆசிரியர்களையும் இலக்காகக் கொண்ட 'நிஷ்டா' பயிற்சி 2019 ஆகஸ்டில் தொடங்கி, பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிக்கு மாறியது. கற்பித்தலில் தொழில்நுட்பம், பள்ளித் தலைமை ஆகியவையும் அதில் பாடங்கள். காணொலியைப் பார்த்து, வினாக்களுக்கு விடையளித்தால் சான்றிதழ் கிடைக்கும். ஆசிரியர் இங்கு பெரும்பாலும் பார்வையாளர்தான். தாம் உருவாக்கிய பாடங்களை வழங்க 2020-இல் 'வித்யாதான்' என்ற வழி திறக்கப்பட்டபோதிலும், வல்லுநர் பரிசீலனையைத் தாண்டிய பின்னரே அவை தளத்தில் ஏறும்.

கேரளம் வேறு பாதையில் சென்றது. அங்கு 2001-இல் 'ஐ.டி.@ஸ்கூல்' திட்டம் தொடங்கியபோது, எந்த மென்பொருளில் கற்பிப்பது என்பதே அரசியல் விவாதமாயிற்று. தனியார் நிறுவன மென்பொருளை ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. இறுதியில் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. உரிமக் கட்டணம் மிச்சமானது ஒருபுறமிருக்க, ஆசிரியர்கள் தாங்களே படம் வரையவும், ஒலி, ஒளிப்பதிவுகளைத் தொகுக்கவும், தாய்மொழியில் பாடக் கருவிகளை அமைக்கவும் பழகினர்.

அதன் தொடர்ச்சியாக 2009-இல் பிறந்தது 'ஸ்கூல்விக்கி'. விக்கிபீடியா இயங்கும் அதே மென்பொருளில், மலையாளத்தில் அமைந்த இத்தளத்தில் மாநிலத்தின் சுமார் 15 ஆயிரம் பள்ளிகளுக்குத் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. பள்ளியின் வரலாறு, முன்னாள் தலைமை ஆசிரியர்கள், புகழ்பெற்ற பழைய மாணவர்கள், ஊரின் கதை, பள்ளிக்குச் செல்லும் வழி ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. மாநிலப் பள்ளிக் கலை விழாவில் மாணவர்கள் எழுதிய கதை, கவிதைகளும் ஏற்றப்படுகின்றன. இவற்றை எந்த ஒப்பந்த நிறுவனமும் எழுதுவதில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதுகின்றனர். 2017-இல் 'ஐ.டி.@ஸ்கூல்', 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறிய பின்னரும் இப்பணி தொடர்கிறது.

இதில் தலைமை ஆசிரியரின் பங்கு சிறிதன்று. பழைய பதிவேடுகளைத் தேடித் தருவதும், ஊர்ப் பெரியவர்களிடம் மாணவர்களை அனுப்புவதும், எழுதும் ஆசிரியருக்கு வகுப்புச் சுமையிலிருந்து சில மணி நேரம் ஒதுக்குவதும் அவரால்தான் இயலும். தலைமைப் பண்பு குறித்த காணொலி இவ்வேலையைச் செய்துவிடாது. அக்கறை இல்லாத இடங்களில் பக்கம் பெயரளவில் நின்றுவிடுகிறது. ஆர்வமுள்ள ஆசிரியர் மாறுதலாகிச் சென்றால் தகவல்கள் பழையனவாகவே கிடக்கின்றன.

பணமும் ஒரு பிரச்னை. பள்ளிக் கணினிக் கூடங்களுக்கான மத்திய உதவி, 2018 முதல் 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின் வழியாகவே மாநிலங்களுக்கு வருகிறது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததைக் காரணம் காட்டி இத்திட்ட நிதியை நிறுத்திவைப்பது நியாயமல்ல என்று திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சில் தெரிவித்தது. அப்போது நிலுவையில் இருந்த தொகை கேரளத்துக்கு ரூ.859 கோடிக்கு மேல்; தமிழகத்துக்கு ரூ.2,152 கோடி.