மேல்நாட்டு மந்திரமும் புதிதாய்ப் புகுவோரும்

தில்லித் தரியாகஞ்சு நடைபாதையில் ஞாயிறுதோறும் கூடிவந்த பழம்புத்தகச் சந்தை, 2019ஆம் ஆண்டில் மகிளா ஹாட் என்னும் திடலுக்கு இடம் பெயர்ந்தது. அத்தகைய சந்தைகளில், பாடநூற் குவியல்களினிடையே, டாரட் சீட்டு, கபாலா, சடங்கு மந்திரம் முதலியவற்றை விளக்கும் ஆங்கில நூல்களும் அகப்படுவதுண்டு. ஒன்றை வாங்கி வந்த இளைஞர், "இவற்றுள் எதை முதலிற் பயில்வது?" என்று வினவினால் நாம் என்ன விடை கூறுவது? நகைத்துத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் அடுத்து நாடுபவர் காசு பறிப்பவராய் இருக்கலாம்.

மேல்நாட்டு மந்திரம் என இன்று வழங்குவதிற் பெரும்பகுதி, 1888இல் இலண்டனில் நிறுவப்பெற்ற கோல்டன் டான் என்னும் மறைச் சங்கத்தின் வழியாக வந்தது. அங்கே புதிதாய்ச் சேர்ந்தவருக்கு ஆவிகளை அழைக்கும் வித்தை எதுவும் கற்பிக்கப்படவில்லை. எபிரேய எழுத்துக்களையும், கோள்களின் குறிகளையும், பன்னிரு இராசிகளையும் மனப்பாடம் செய்து அவர் தேர்வு பெற வேண்டும். பயிற்சியாகத் தரப்பட்டது ஒரு சிறு சடங்கே: நாற்றிசையும் நோக்கி ஐமுனை விண்மீனைக் காற்றில் வரைந்து, தெய்வப் பெயர்களை உச்சரிப்பது. பூசைக்கு முன் திக்பந்தனம் செய்வதைக் கண்டவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. 1909இல் வெளிவந்து இன்றும் பெருவழக்கிலுள்ள 78 சீட்டுகள் கொண்ட டாரட் கட்டை வகுத்த வெயிட் என்பாரும், அதற்குப் படம் தீட்டிய பமீலா ஸ்மித் அம்மையாரும் இச்சங்கத்தைச் சார்ந்தவர்களே.

இச்சங்கத்தாருள் ஆலன் பென்னட் என்பவரின் வரலாறு தமிழராகிய நமக்கு அணுக்கமானது. வேதியியல் பயின்றவர், ஈளை நோயால் வருந்தியவர், சடங்கு மந்திரத்திற் கைதேர்ந்தவரெனத் தோழர்களால் மதிக்கப்பட்டவர். 1900இல் இலங்கைக்குச் சென்று, அந்நாட்டின் சொலிசிட்டர் ஜெனரலாய் விளங்கிய பொன்னம்பலம் இராமநாதனிடம் யோகம் பயின்றார். அவர்தம் புதல்வர்க்கு ஆசிரியராகவும் இருந்தார். மறு ஆண்டு அங்கு வந்த அலிஸ்டர் கிரௌலி, கண்டி நகரில் பென்னட்டுடன் தங்கி ஆசனமும் மூச்சடக்கமும் பழகினார். பென்னட் பின்னர்ப் பர்மாவிற் பௌத்தத் துறவியாகி, ஆனந்த மெத்தேய்ய என்னும் பெயர் பூண்டார். வாளும் கோலும் வட்டமும் அறிந்த இருவர், அசையாது அமர்ந்து மூச்சை நோக்கும் எளிய பயிற்சியை நாடி நம் பக்கம் வந்தனர் என்பது கருதத்தக்கது.

ஆதலின் ஒன்றை மட்டும் தேர்ந்து, மூன்று திங்கள் அதிலேயே நிற்குமாறு கூறுவோம். பொருட்செலவு வேண்டாததாய், தனியே செய்யத்தக்கதாய், கால் மணிக்குள் முடிவதாய் அது இருத்தல் நன்று. உடன் ஒரு குறிப்பேடு வேண்டும். கிரௌலியின் பெயர் பலவாறு கெட்டதுண்டு. ஆயினும் மாணாக்கர் நாள்தோறும் குறிப்பெழுத வேண்டுமென அவர் வற்புறுத்தியது நல்ல அறிவுரையே. காலையில் ஒரு டாரட் சீட்டை எடுப்பவர், அதன் பொருளென்று தமக்குத் தோன்றியதை அப்போதே எழுதிவிட வேண்டும். மாலையில் எழுதினால் நடந்ததெல்லாம் சீட்டிற்குப் பொருந்திவிடும்! சில வாரங்கள் சென்றபின் ஏட்டைப் புரட்டினால், சீட்டு உரைத்தது வருநிகழ்ச்சியையா, தம் உள்ளக் கிடக்கையையா என்பது அவருக்கே விளங்கும். உறக்கம் கெட்டாலோ அச்சம் மிகுந்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும்.

தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் இன்னின்ன நோய் தீருமென விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டத்தை 1954இலேயே தில்லி நாடாளுமன்றம் இயற்றியுள்ளது. ஆனால் அச்சட்டம் நோக்குவது விளம்பரத்தையே. மூடிய அறையில், "உமக்கு எவரோ தீங்கு செய்துள்ளார், விலக்க இத்தனை ரூபாய் ஆகும், வீட்டாரிடம் சொல்லலாகாது" என்று ஒருவர் கூறும்போது, எழுந்து வெளியே வருவது அவ்விளைஞர் பொறுப்பாகிறது.