பழைய மின்சாரப் பாஸ் கிட்டாரை வாங்குதலும் பேணுதலும்

பலர் கூடிப் பாடுமிடத்துக் கீழ்ச்சுரங்களைத் தாங்கிநிற்கும் கருவியொன்று வேண்டும். மேனாட்டில் அத்தொழிலை நெடுங்காலம் ஆற்றி வந்தது டபிள் பாஸ் என்னும் ஆளுயரப் பெருவாத்தியமாம். அதனைச் சுமந்து ஊர்திரிதல் எளிதன்று. பிற கருவிகளின் ஒலி மின்விசையாற் பெருகிய பின்னரோ, அதன் குரல் அவற்றினிடையே அமிழ்ந்தும் போயிற்று. 1930-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பார் கையிலேந்தி வாசிக்கத்தகும் மின்சாரப் பாஸ் ஒன்றைச் செய்தனர். அது மிகுதியும் பரவவில்லை. 1951-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சார்ந்த ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பாஸ் என்பதே உலகெங்கும் சென்றது. வீணையிற்போல் மெட்டுகள் பதிந்திருத்தலின் விரல் சிறிது பிசகினும் சுரம் பிசகாது. துல்லியம் எனப் பொருள்படும் அப்பெயர் அதுபற்றியே வந்தது.

புதிய கருவி வாங்கப் பொருள் போதாதவர் பிறர் கையாண்டதை நாடுவது இயல்பே. எமது பாடகர் குழுவினரும் சில ஆண்டுகட்கு முன்னர் அங்ஙனமே ஒன்றை வாங்கினோம். விடுதி மாணாக்கர் திங்கள்தோறும் சிறுகச்சிறுகச் சேர்த்த பணம் அது. வாங்கியதில் ஒரு பிழையும் வைத்ததில் ஒரு பிழையும் செய்து, அடுத்த தை மாதத்துக்குள் அதனை வாசிக்கவொண்ணாத நிலைக்குக் கொணர்ந்தோம். இக்கட்டுரை எழுந்த காரணம் அதுவே.

மின்சாரக் கருவி என்றவுடன் மின்சாரப் பகுதியையே யாவரும் ஆராய்கின்றனர். யாமும் விற்பவர் வீட்டில் ஒலிபெருக்கியோடு இணைத்து, தந்திகளை மீட்டி, மேளச்சப்தம்போல் எழுந்த முழக்கத்தைக் கேட்டு மகிழ்ந்து பணத்தை எண்ணிக் கொடுத்தோம். உண்மையில் அம்மின்சாரப் பகுதி மிக எளியது. காந்தத்தின்மேல் மெல்லிய செப்புக்கம்பி பல்லாயிரஞ் சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கும். அதற்கெதிரே இரும்புச் சத்துடைய தந்தி அதிர, ஃபாரடே 1831-இற் கண்ட முறைப்படி சுருளில் மின்னோட்டம் பிறக்கும். இதிற் கெடுவன பெரும்பாலும் சில ரூபாய்ச் செலவில் திருந்துவன. திருகுகளைத் திருப்புங்கால் கரகரவென்னுமாயின் உள்ளே தூசியென்று அறிக. தந்தியைக் கையால் தொட்டவுடன் இரைச்சல் அடங்குமாயின் குற்றமில்லை. தொட்டபின் மிகுமாயின் எர்த் கம்பி அறுந்திருத்தல் கூடும், அல்லது அவ்வீட்டுச் சுவர்ச்செருகியிலேயே எர்த் இல்லாதிருத்தல் கூடும். பின்னதை எளிதாய் எண்ணற்க. 1972-இல் ஸ்வான்சீ நகரத்து அரங்கில் லெஸ் ஹார்வி என்னும் கிட்டார்க் கலைஞர் எர்த் இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிர்துறந்தார்.

அக்கருவியில் விலைமதிக்கத்தக்கது அதன் கழுத்தேயாம். மேருவுக்கும் குதிரைக்கும் இடையே 34 அங்குலம் நீளும் நான்கு தடித்த தந்திகள், சுருதி கூட்டிய நிலையில், ஒருங்கே 70 கிலோகிராமுக்கு மேற்பட்ட விசையோடு அதனை முன்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நன்கு வளர்ந்த மனிதன் ஒருவன் இராப்பகல் அதிலே தொங்குகிறான் எனக் கொள்ளலாம். அவ்விழுப்புக்கு எதிரீடாகக் கழுத்தின் உள்ளே எஃகுக் கோலொன்று புதைந்துள்ளது. அதன் முனையிலுள்ள மரையை முறுக்க, கழுத்துப் பின்னோக்கி நிமிரும். மரமும் தந்தியும் எஃகும் ஆகிய மூன்றும் இணங்கியிருக்கும் வரையிற்றான் கருவி கருவியாகும்.

ஆதலின் வாங்குவோர் முதலில் வாசித்தலை விட்டு நோக்குதல் வேண்டும். கருவியை ஏந்தி, வில்லாளன் அம்பை நோக்குவதுபோல் ஒரு கண்ணால் கழுத்தின் இரு விளிம்புகளையும் நோக்குக. இரண்டும் ஒருபடித்தாய்ச் செல்லாது ஒன்று மேலும் ஒன்று கீழுமாய் முறுகியிருப்பின், விலை எத்துணை மலிவாயினும் திரும்பிவிடுக. முறுகிய கழுத்தை நேராக்குதல் அரிது. பின்னர்த் தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு கூடுமிடத்து மெட்டிலும் ஒருங்கே அழுத்துக. நடுவில், ஏழாம் எட்டாம் மெட்டுகளின்மேல், முகவரிச் சீட்டொன்று நுழையுமளவு இடைவெளி இருத்தல் நன்று. அஃது ஒரு நாணயம் நுழையுமளவு அகன்றிருப்பின், எஃகுக் கோலை முறுக்க இன்னும் இடமுண்டா என வினவி, கண்ணெதிரே கால்சுற்று முறுக்கிக் காட்டச் சொல்லுக. யாம் வினவவில்லை. எமது கருவியின் மரை முன்னரே முற்றும் முறுக்கப்பட்டிருந்தது. விற்றவர் அதனை அறிந்திருந்தாரோ அறியாதிருந்தாரோ, அவரைக் குறைகூறிப் பயனில்லை. பார்க்கும் கண் எம்மிடத்திருந்தது.

பிரடைகள் உள்ள தலைப்பகுதியின் பின்புறத்தையும் வெளிச்சத்திற் பார்த்தல் தகும். தலை பின்சாய்ந்து கழுத்தும் உடலோடு ஒட்டப்பட்டுள்ள கருவிகள், கிப்ஸன் வகையின பல, கீழே விழின் அவ்விடத்தே முறியும். செவ்வையாய் ஒட்டிய முறிவு உறுதியாகவே நிற்குமாயினும் விலை குறைதல் வேண்டும். ஃபெண்டர் வகையில் கழுத்துத் திருகாணிகளால் பொருத்தப்படுவதால் வேண்டுமாயின் மாற்றலாம். எல்லா மெட்டுகளிலும் எல்லாத் தந்திகளையும் ஒருமுறை வாசித்து எங்கேனும் சுரம் அடைபடுகிறதா எனக் கேட்டபின், வரிசை எண்ணையும் பழைய ரசீதையும் பார்த்துக்கொள்க. திருட்டுப்பொருள் பெற்ற பழி கல்லூரிக்கு வேண்டா.

இனிப் பேணுமாறு. மழைக்காலத்தில் யாம் எமது பாஸை மெல்லிய துணியுறையிலிட்டு, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிற் சாய்த்து வைத்து விடுமுறைக்குச் சென்றோம். இதனினும் தீய இடம் தேடினும் கிடைப்பதரிது. மரம் ஈரத்தை உண்டு நாருக்குக் குறுக்கே பருக்கும், உலர்ந்தபோது சுருங்கும்; கழுத்தின் மரமும் விரற்பலகையின் மரமும் வேறாயின் இரண்டும் ஒருசேரப் பருக்கமாட்டா. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருத்தல் தக்கதென்பர். சென்னை போன்ற கடற்கரையூர்களில் மழைநாட்களில் அது 80-ஐத் தாண்டும். தை பிறந்து யாம் மீண்டபொழுது தந்திகள் துருவேறி, மெட்டுகளின்மேல் விரல் தாங்கவொண்ணா உயரத்தில் நின்றன. முறுக்கவோ கோலில் இடமில்லை. பழுதுபார்ப்போர் கழுத்தை மாற்றுதலே வழியென்று சொன்ன தொகை, கருவியின் விலையிற் பாதிக்குக் குறையவில்லை. மீண்டும் ஓராண்டு பணம் சேர்த்தோம்.

கெட்டியான மூடுபெட்டியே கருவிக்கு வீடு. உட்சுவரை ஒட்டி, தரையினின்றும் உயர்த்தி, கழுத்தின்மேல் எதுவும் சாராதபடி வைத்தல் வேண்டும். பெட்டியுள் சிலிக்கா ஜெல் பை இடுவோர், அஃது ஈரம் நிறைந்தபின் சூடேற்றி உலர்த்தினாலன்றிப் பயன்படாதென்பதை மறத்தலாகாது. அந்துருண்டை இடுதல் கூடாது. அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கும். பழைய நைட்ரோசெல்லுலோஸ் மெருகுடைய கருவியை ரப்பர் தாங்கிகளில் நெடுநாள் நிறுத்தின் தழும்பு படும். ஒன்பது வோல்ட் மின்கலம் உள்ளதாயின், விடுமுறைக்கு முன் அதனை எடுத்துவிடுக. செருகியைக் கருவியிற் செருகி வைத்திருப்பின் வாசியாதபோதும் மின்கலம் தீரும். வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டியின் பின்னறையில் கருவியை விட்டுச் செல்வோரைப்பற்றி யாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

தந்திகளைத் தளர்த்தி வைப்பதா என்பதில் வாசிப்போர்க்குள் வழக்குண்டு. எஃகுக் கோல் இழுப்புக்கு எதிராய் நிற்பதாதலின் தந்திகளை முற்றும் கழற்றின் கழுத்துப் பின்வளையும் என்பர் ஒருசாரார். இழுப்பிலேயே கிடந்தால் முன்வளையும் என்பர் மற்றொருசாரார். ஒரு திங்கள்வரை சுருதியிலேயே விடுவதும், அதற்கு மேற்படின் ஒன்றிரண்டு சுரம் இறக்கி வைப்பதும் எமக்கு உடன்பாடு. தந்திகளைத் துணியால் துடைத்து வைத்தல் எக்கட்சியாருக்கும் ஒப்பமுடிந்ததே; வியர்வையின் உப்பே துருவுக்கு வித்து.

இப்பொழுது எமது பாஸ் புதிய கழுத்தோடு சிற்றாலயத்தின் உள்ளறையில் இருக்கிறது. பெட்டியுள் ஒரு முகவரிச் சீட்டும் ஒரு சிறு குறிப்பேடும் உள. மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின்னர், அன்று வாசித்தவர் எட்டாம் மெட்டின்மேல் அச்சீட்டை நுழைத்துப் பார்த்து, நுழைந்தது அல்லது இறுகியது என்று எழுதிக் கையொப்பமிட்டுப் பெட்டியை மூடுவார்.